கம்பியை இறுக்கினால் டவர் திரும்பாதா?

மாடியிலோ தோட்டத்திலோ ஒரு ஹாம் ரேடியோ டவர் ஏறிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள், எதிர்வீட்டுக்காரர், பால்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "காத்தடிச்சா விழுந்துடாதா?" நியாயமான கேள்வி. நாமும் பதிலோடு தயாராக இருப்போம். மூன்று பக்கமும் ஸ்டே வயர், கான்கிரீட் ஆங்கர், டர்ன்பக்கிள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி அனுப்பிவைப்போம். ஆனால் ஒழுங்காகக் கட்டிய டவர் அவ்வளவு லேசில் சாய்வதில்லை. அது செய்யும் இன்னொரு வேலையைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. நின்ற இடத்தைவிட்டு நகராமல், தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். காற்று விட்டதும் திரும்பி வரும். மறுபடி முறுக்கும். ஒரு பருவம் முழுக்க இப்படியே ஆடினால் வெல்டிங் விடும், போல்ட் ஓட்டை பெரிதாகும், ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டாரின் பல்சக்கரம் தேயும்.

பல்லடம் பக்கத்து நண்பர் ஒருவர் போன ஆடியில் போன் செய்தார். "ஏங்ணா, காத்தடிச்சா பீம் தலையை ஆட்டுது. ஆனா மீட்டர் முள்ளு அசையவே மாட்டேங்குது. ரோட்டார் போச்சுங்களா?"

ரோட்டார் போகவில்லை என்பதற்கு அந்த அசையாத முள்தான் சாட்சி. பீமை (உச்சியில் இருக்கும் திசை ஆன்டெனாவை) திருப்பும் இந்த மோட்டாருக்குள் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர், டவரோடு ஒப்பிட்டு மாஸ்ட் (பீமைத் தாங்கும் குழாய்) எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். டவரே திரும்பினால் அதற்குத் தெரியாது. அப்படியானால் ஆடுவது ஒன்று டவர், அல்லது ரோட்டாருக்கு மேலே கிளாம்பில் வழுக்கும் மாஸ்ட். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. காற்று நின்றதும் பீம் பழைய திசைக்கே வந்துவிட்டால் டவர் முறுக்குகிறது. வராமல் தள்ளியே நின்றால் மாஸ்ட் வழுக்கியிருக்கிறது. அவருடையது திரும்பி வருகிறது என்றார்.

இன்னும் உறுதிப்படுத்த ஒரு வழி சொன்னேன். போனை டவரின் அடியில், மூன்று கால்களுக்கும் நடுவே, கேமரா வானத்தைப் பார்க்கும்படி மல்லாக்க வைத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். முக்கோண டவருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் ஒவ்வொரு தட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் முக்கோணங்களாகத் தெரியும். டவர் சாய்ந்தால் உள் முக்கோணங்கள் ஒரு பக்கமாக நகரும். முறுக்கினால் நகராமல், வெளி முக்கோணத்தின் மூலைகளைவிட்டு விலகிச் சுழலும். அவர் அனுப்பிய வீடியோவில் சந்தேகமே இல்லை. உச்சி முக்கோணம் வலதும் இடதுமாகச் சுழன்றது, சாய்வு துளியும் இல்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் பாதையில் இருக்கிறது அவர் ஊர். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இருபது மீட்டர் அலைவரிசை பீம் ஒன்று நிச்சயம் ஆடும்.

"கம்பியெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டா நின்னுடுமுங்களா?" என்று அடுத்துக் கேட்டார். பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்பார்கள், பலர் கேட்காமலே செய்தும்விடுவார்கள். இறுக்கினால் நிற்காது. ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கென்றால் ஓடுபவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், முறுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானவர்கள் பீமின் நீண்ட எலிமென்ட்களைக் கைகாட்டுவார்கள். பார்க்க அவைதான் பெரிதாக இருக்கின்றன. உண்மை வேறு. உருளையான குழாய் மீது காற்று எந்தக் கோணத்தில் அடித்தாலும், விசை அந்தக் குழாய்க்குச் செங்குத்தாகத்தான் விழும். எலிமென்ட்டுக்குச் செங்குத்து என்றால், எலிமென்ட்களைத் தாங்கும் நடுக்குழாயான பூமின் போக்கிலேயே. பூமோ மாஸ்ட்டை ஒட்டிப் போகிறது. ஆக எலிமென்ட்கள் எல்லாம் சேர்ந்து மாஸ்ட்டைத் தள்ளுகின்றன, திருப்புவதில்லை. திருப்புவது பூம். அதன் மேல் விழும் விசை பூமுக்குச் செங்குத்து. மாஸ்ட்டின் இரு பக்கமும் பூம் சமநீளமாக இருந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் நாம் பீமை எடை பார்த்துத்தான் கட்டுகிறோம், தூக்கிப் பார்த்து சமமாக நிற்கும் இடத்தில் கிளாம்ப் போடுகிறோம். எடைக்கு நடு வேறு, காற்றுக்கு நடு வேறு.

நண்பரின் பூமை ஆறு மீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிளாம்ப் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். காற்றழுத்தம் வேகத்தின் இருமடியோடு ஏறும். 39-இன் இருமடியை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன், கிட்டத்தட்ட 93 கிலோ. பூமின் ஒரு பக்கம் மூன்றரை மீட்டர், மறுபக்கம் இரண்டரை. இரண்டின் வித்தியாசம் தரும் முறுக்கு ஏறத்தாழ 20 கிலோ. (இந்தப் பதிவில் ஒரு கிலோ முறுக்கு என்றால், ஒரு மீட்டர் நீள நெம்புகோலின் நுனியில் ஒரு கிலோ தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு.) இதற்கு மேல், காற்று சீராக வீசாமல் பீமின் இடப்பாதியை மட்டும் ஒரு வீச்சு தட்டினால் எலிமென்ட்களும் கூட்டுச் சேரும். ரோட்டார் சட்டென்று நிற்கும்போது பீமின் சொந்த உந்துதலும் உண்டு.

இப்போது இந்தப் பக்கம், தடுப்பது எது? ஸ்டே வயர் தடுக்கும் என்று நாம் நம்புகிறோம். பன்னிரண்டு அங்குல முக்கோண டவர், ஐம்பது அடி உயரத்தில் மூன்று கம்பி, நாற்பது அடி தள்ளி ஆங்கர், கம்பி ஒவ்வொன்றும் அதன் கால் மேலேயே கட்டியிருக்கிறது. அமெரிக்கப் புத்தகங்களில் வரும் 3/16 அங்குல ஏழு புரிக் கம்பியையே எடுத்துக்கொள்வோம். அது சுமார் 1,810 கிலோவில் அறும். வழக்கம்போல அதில் பத்தில் ஒரு பங்கு, 180 கிலோ இழுவிசை கொடுத்திருக்கிறோம். டவர் ஒரு டிகிரி திரும்பினால் இந்த மூன்று கம்பியும் சேர்ந்து எவ்வளவு எதிர்க்கும்? ஒரு கிலோ முறுக்கு. இருபது கிலோவுக்கு எதிரே ஒரு கிலோ.

காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. கம்பி டவரின் நடு அச்சை நோக்கியே போகிறது. டவர் சிறிது திரும்பினால் கம்பி நீளவே நீளாது, லேசாகப் பக்கவாட்டில் சாயும், அவ்வளவுதான். நீளாத கம்பிக்குக் கோபம் வராது. திருகையின் முளை கல்லின் ஓரத்தில் இருப்பதால்தான் கையால் சுற்ற முடிகிறது. அதை அச்சாணிக்குப் பக்கத்தில் நட்டிருந்தால் எவ்வளவு பலசாலியாலும் சுற்றவும் முடியாது, சுற்றுவதை நிறுத்தவும் முடியாது.

நண்பர் சொன்னபடி இழுவிசையை இரட்டிப்பாக்கினால் ஒரு கிலோ இரண்டாகும். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சாய்ந்து இழுக்கும் கம்பி டவரைக் கீழேயும் அழுத்துகிறது. 180 கிலோவில் மூன்று கம்பிகள் டவர் கால்களின் மேல் ஏற்றும் சுமை 420 கிலோ. இரட்டிப்பாக்கினால் 840. முறுக்குக்கு எதிராக ஒரு கிலோ சம்பாதிக்க, கால்களில் இன்னொரு 420 கிலோவை ஏற்றுகிறோம். அதுவும் ஒரே உயரத்தில் கட்டிய கம்பிகளுக்கு மட்டும்.

அப்படியானால் இத்தனை நாளாக அவர் டவரைத் தாங்கியது எது? டவரின் சொந்த விறைப்புதான். அதையும் பார்க்க நான் பல்லடம் போனபோதுதான் வேடிக்கை. உள்ளூர்ப் பட்டறையில் அடித்த டவர். ஜிஐ பைப் கால்கள், வெல்டிங் எல்லாம் சுத்தம். ஆனால் பட்டறைக்காரர் பாதித் தட்டுகளில் குறுக்குக் கம்பிகளை மட்டும் வைத்து, மூலைவிட்டக் கம்பியை விட்டுவிட்டிருந்தார். ஏறுவதற்குப் படி கிடைத்தது, முறுக்கைத் தடுப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முறுக்கு விசை ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு இறங்கிப் போவது மூலைவிட்டம் வழியாகத்தான். குறுக்குக் கம்பி மட்டும் இருந்தால் ஒவ்வொரு கட்டமும் சாய்சதுரமாக நெளியும், வெல்டிங் மூலைகள் எல்லா வேலையையும் செய்ய வேண்டிவரும்.

இணைப்புகளிலும் ஆட்டம் இருந்தது. ஒரு கால் உள்ளே இன்னொன்று நுழையும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் கையால் அசைத்துப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் அச்சிலிருந்து கால் வெறும் 17 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது மூன்றில் ஒரு டிகிரி. ஆறு தட்டு, ஐந்து இணைப்பு. காற்று ஒன்றுமே செய்யாமல் ஒன்றரை டிகிரிக்கு மேல் இலவசமாகத் திரும்பும். போல்ட் ஓட்டை தேயத் தேய இன்னும் கூடும்.

சரி, தீர்வு. உச்சி ஸ்டே கட்டும் இடத்தில் டவரிலிருந்து வெளியே கைகள் நீட்ட வேண்டும். ஒவ்வொரு ஆங்கரிலிருந்தும் ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு. ஒன்று கையின் இந்த நுனிக்கு, மற்றது அந்த நுனிக்கு. மூன்று ஆங்கர், ஆறு கம்பி. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலத் தெரிவதால் அமெரிக்காவில் இதை ஸ்டார் கை என்கிறார்கள் (அங்கே ஸ்டே கம்பிக்கு 'கை' என்று பெயர்). ரோன் நிறுவனம் தன் 25ஜி, 45ஜி டவர்களுக்கு இந்தக் கைகளை ஆயத்தமாகவே விற்கிறது. மைக்ரோவேவ் இணைப்புக்காக டிஷ் மாட்டும் டவர்களில் இது சர்வ சாதாரணம். அங்கே உச்சி அரை டிகிரி திரும்பினாலே இணைப்பு போய்விடும்.

இதே கணக்கை இப்போது போடுவோம். கம்பி அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. டவர் திரும்பினால் ஆறில் மூன்று கம்பி நிஜமாகவே நீள வேண்டும். எஃகை இழுத்து நீட்டுவது லேசா? ஒரு டிகிரிக்கு எதிர்ப்பு 40 கிலோவைத் தாண்டுகிறது. அதே கம்பி, அதே இழுவிசை, நாற்பது மடங்கு. நண்பரின் 20 கிலோ முறுக்கு இனி அந்த டவரை அரை டிகிரிகூடத் திருப்பாது. நம்மூரில் கிடைக்கும் மின்வாரிய வகை ஸ்டே வயர் இன்னும் தடிமன். எண்கள் மாறும், கதை மாறாது. ஒன்று மட்டும்: நார் வைத்த வயர் ரோப்பை இதற்கு வாங்காதீர்கள். வளைய வேண்டிய இடத்துக்கு அது நல்லது. ஸ்டேக்கு அதன் நீட்சியே எமன்.

கை நீளம் இருமடங்கானால் பிடிமானம் நான்கு மடங்காகும் என்பதையும் கவனிக்க வேண்டும். கையே போட வசதியில்லை, ஆங்கர்கள் முக்கோணத்தின் பக்கங்களுக்கு நேரே இருக்கின்றன என்றால், ஒவ்வொரு ஆங்கரிலிருந்தும் அந்தப் பக்கத்தின் இரு கால்களுக்கும் தனித்தனிக் கம்பி கட்டலாம். விலகல் 15 சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஒரு டிகிரிக்குப் பத்து கிலோ கிடைக்கும். முதல் ஏற்பாட்டைவிடப் பத்து மடங்கு, செலவு கம்பிக்கு மட்டும்.

கையை எப்படி வேண்டுமானாலும் போட்டுவிடக் கூடாது. ஒரு பட்டைக் கம்பியை ஒற்றை போல்ட்டில் டவரோடு கோத்தால் அதுவே வளைந்து கொடுக்கும். இரு காலோடும் பிடித்து, சாய்வுத் தாங்கு கொடுத்து, கை தன்னளவில் ஒரு முக்கோணமாக நிற்க வேண்டும். இடமும் முக்கியம். முறுக்கு டவருக்குள் நுழைவது ரோட்டார் உட்கார்ந்திருக்கும் தட்டில். கைகள் அதற்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். இருபது அடி கீழே போட்டால் நடுவில் உள்ள இருபது அடி டவர் தன் பாட்டுக்கு முறுக்கிக்கொண்டிருக்கும். அடியில் கான்கிரீட்டில் ஊன்றாமல் ஒற்றை முளையில் நிற்கும் டவர் என்றால் பேச்சே இல்லை. அதன் அடியும் முறுக்கைப் பிடிக்காது, கைகள் இல்லாமல் அதில் பெரிய பீம் ஏற்றவே கூடாது.

இறுக்கம் எதற்குத்தான் பயன்? எதிர்ப்பக்கக் கம்பி தொய்ந்துவிடாமல் இருக்க. 20 கிலோ முறுக்கில் ஒவ்வொரு கம்பியிலும் ஏறி இறங்கும் இழுவிசை 18 கிலோ போல. 180-ல் 18 போனால் 162 மிச்சம், தொய்வில்லை. அதனால் பத்து சதவீதம் போதும். அளக்கக் கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆங்கர் பக்கம் கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். அந்த அலை மேலே ஓடி டவரில் மோதித் திரும்பி வந்து உங்கள் கையைத் தொடும். கை வைத்தே எண்ணலாம். மேலே சொன்ன கம்பியில் 180 கிலோ இருந்தால் பத்து முறை போய்வர மூன்று விநாடி ஆகும். நான்கரை ஆனால் இழுவிசை பாதிகூட இல்லை. ஆறு கம்பியிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மாறினால் டவரை நீங்களே முறுக்கிவைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் டர்ன்பக்கிள்களின் நடுவே ஒரு கம்பியை எட்டுப் போலக் கோத்துக் கட்டிவிடுங்கள், ஆட்டத்தில் தானே கழன்றுகொள்ளும் கெட்ட பழக்கம் அவற்றுக்கு உண்டு.

ஒரு பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டகோமா தொங்கு பாலத்தைப் பார்க்கலாம். அது இடிந்து விழும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம், 1940 நவம்பர் 7, மணிக்கு 67 கிலோமீட்டர் காற்று, பாலம் துணி போல நெளிகிறது. ஆனால் அன்று காலை பாலம் முதலில் மேலும் கீழுமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதை அது திறந்த நாளிலிருந்தே செய்துவந்தது. வடக்குப் பக்க வடத்தின் நடுவில் இருந்த பிடி ஒன்று நழுவிய பிறகுதான் ஆட்டம் முறுக்காக மாறியது. அதன்பின் பாலம் அதிக நேரம் நிற்கவில்லை.

நண்பரின் வேலைக்கு வருகிறேன். நின்றுகொண்டிருக்கும் டவரில் கம்பி மாற்றுவது இந்தப் பொழுதுபோக்கிலேயே ஆபத்தான வேலைகளில் ஒன்று. ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டுமானமாக இருந்த போலந்தின் 646 மீட்டர் ரேடியோ மாஸ்ட், 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது புயலில் அல்ல, ஸ்டே கம்பி மாற்றும்போது. அதனால் பீமை முதலில் கீழே இறக்கினோம். தற்காலிகக் கம்பிகளை வேறு உயரத்தில் கட்டி, அவை சுமையை ஏற்றபின்தான் பழையதில் ஒன்றைத் தொட்டோம். காற்று எழும் முன்பே காலையில் முடித்துக்கொண்டோம். மூலைவிட்டம் இல்லாத தட்டுகளை மேலேயே வைத்து வெல்ட் செய்யலாம் என்று பட்டறைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டுகள் இறங்கின, பட்டறையில் சரியாயின, மீண்டும் ஏறின.

பீம் கீழே இருந்தபோதே பூமையும் சரிசெய்தோம். குட்டைப் பக்க நுனியில் பூமுக்கு இணையாக, செங்குத்தாக ஒரு அலுமினியத் தகடு. ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான சதுரம். பூமில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது குட்டைப் பக்கத்தில் குறையும் பரப்பை அது ஈடுகட்டும், பூமின் நீள வாக்கில் அடித்தால் வெறும் விளிம்பைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். டேவ் லீசன் 1992-இல் எழுதிய 'பிசிகல் டிசைன் ஆஃப் யாகி ஆன்டெனாஸ்' புத்தகம் கையில் கிடைத்தால் விடாதீர்கள். பீம் என்றாலே டெசிபல் மட்டும் பேசும் நம்மவர்களுக்கு அது நல்ல மருந்து. டெசிபல் என்றதும் நினைவுக்கு வருகிறது, மூன்று எலிமென்ட் பீமின் கதிர் அகலம் 60 டிகிரிக்கும் மேல். டவர் பத்து டிகிரி ஆடினாலும் சிக்னலில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை. ரேடியோ புகார் சொல்லாது, இரும்புதான் சொல்லும்.

சென்னையில் மொட்டைமாடியில் டவர் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அங்கே அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல், கோவையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நகரத்து மரங்கள் என்ன ஆயின என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாடியில் 120 டிகிரிக்கு ஒரு ஆங்கர் கிடைக்காது, நான்கு மூலைதான் கிடைக்கும். அங்கே நாற்கோண டவரும் எட்டுக் கம்பியும் நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆங்கர் கட்டடத்தின் தூணிலோ உத்தரத்திலோ இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் ஆங்கர் அல்ல. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ஸ்டே கட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு டவரைப் பற்றிக் கவலை வருவதில்லை, கீழே வண்டி நிறுத்துபவர்களைப் பற்றித்தான் வரும்.

பல்லடம் டவரில் இப்போது மேல் முக்கோணம் அசைவதில்லை. ஆனால் ஐப்பசியில் ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு பீம் பதினைந்து டிகிரி தள்ளி நின்றது, தானாகத் திரும்பவும் இல்லை. டவர் வளைந்துகொடுக்காததால் விசை மேலே போய் மாஸ்ட் கிளாம்பை வழுக்கவைத்திருக்கிறது. இது எதிர்பார்த்ததுதான். கிளாம்புக்குள் துளை போட்டு ஒரு பின் அடித்துவிடலாம் என்கிறார் நண்பர். வேண்டாம் என்கிறேன் நான். பின் அடித்தால் அடுத்த பெருங்காற்றில் உடைவது ரோட்டாரின் பல்சக்கரமாக இருக்கும், அது என்ன விலை என்று அவருக்கே தெரியும். கிளாம்ப் வழுக்கினால் ஏறி நேராக்க அரை மணி நேரம். "அரை மணி நேரம் ஏறுறது நீங்களா, நானுங்களா?" என்கிறார்.